மினுங்கிய பன்னிரண்டு குழாய்கள்

ஐந்தாவது தடவையாகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இனிப் போவதில்லை என்று போன வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், கோயிலடியில் சொன்னேன், முடி வெட்டப் போன இடத்திலும் கேட்காமலே சொன்னேன். இப்போது கண்டவர் நின்றவரெல்லாம் “என்ன, போறியாம்?” என்று கேட்கிறார்கள். “ஓம்” என்கிறேன். அதற்கு மேல் கதைக்க அலுப்பாக இருக்கிறது. ஒரே தடவையில் முழுவதையும் எழுதிவிட்டால் மனம் கொஞ்சம் ஆறும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கட்டாரில் என்னுடைய வேலை இரும்பை மங்க வைப்பது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெளிநாட்டில் வேலை என்றால் எதையாவது மினுக்குவார்கள், துடைப்பார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் வேலைத்தலத்துக்கு மின்நிலையங்களிலிருந்து டர்பைன் தகடுகள் வரும். உள்ளங்கை அகலம், முழங்கை நீளம், கொஞ்சம் வளைந்திருக்கும். நெருப்புக் காற்றுக்குள் நாள் முழுவதும் சுழல்கிற தகடுகள் அவை. விலை உயர்ந்த கலப்புலோகம். ஆனால் எவ்வளவு விலை கொடுத்தாலும் உலோகம் உலோகம்தான். அளவுக்கு மீறிச் சூடானால் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்துக்கொண்டு செதில் செதிலாகக் கழன்றுபோகும். அதைத் தடுக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். அந்தப் பூச்சு போடுகிறவர்களில் நானும் ஒருவன்.

பூச்சு என்றால் தூரிகையால் பூசுவதில்லை. தகடுகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கி, அலுமினியத் தூளும் அலுமினா என்கிற வெள்ளைத் தூளும் கொஞ்சம் நவச்சார உப்பும் கலந்து, அந்தக் கலவைக்குள் புதைத்துவிடுவோம். காற்றுப் புகாமல் மூடி, ஒரு ஷிப்ட் முழுவதும் சூளையில் வைப்போம். சூட்டில் அலுமினியம் ஆவி போலக் கிளம்பி உலோகத்தின் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே எடுக்கும்போது தகடு பார்க்க ஒன்றுக்கும் உதவாத சாம்பல் நிறத்தில் இருக்கும். பிறகு அது நெருப்புக்குள் போனதும் மேலே இன்னொரு மெல்லிய படலம் தானாகவே உண்டாகும். அதுவும் கறள்தான், அதாவது துரு, ஆனால் அலுமினியத்தின் கறள். இரும்பின் கறள் உதிர்ந்து உதிர்ந்து உள்ளே தின்றுகொண்டு போகும். அலுமினியத்தின் கறள் உதிராது, பிடித்துக்கொண்டு காற்றை உள்ளே விடாமல் நிற்கும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலையாளி. பூச்சு முடிந்த தகட்டை யாராவது வெறுங்கையால் தொட்டாலே அவர் சத்தம் போடுவார். தன் மனைவியைப் பற்றிக்கூட அவர் அப்படி அக்கறையாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

கலியாணம் முடித்துப் பதினான்கு வருடம். அதில் நான் வீட்டில் இருந்ததை எல்லாம் கூட்டினால் மூன்று வருடம்கூட வராது. போன முறை லீவில் வந்தபோது மகள் தட்டில் தேத்தண்ணியும் தண்ணீரும் வைத்து, விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள். மரியாதையான பிள்ளைதான். அன்று என் மனைவியிடம் “நான் இனிப் போகல்ல” என்றேன். அவள் நம்பவில்லை. முன்பும் இரண்டு தடவை அப்படிச் சொல்லியிருந்தேன்.

வழி காட்டியதும் அவள்தான். அவள் படுவான்கரையில் ஒரு நெல்லு மில்லில் வேலை செய்கிறாள். மண்முனைப் பாலம் தாண்டி, வாவியின் அந்தப் பக்கம், வட்டை எனப்படும் வயல்வெளிகளுக்கு நடுவே உள்ள மில். ஈர நெல்லைக் காயவைக்க அங்கே உமி எரிக்கிற ஒரு சூளை இருக்கிறது. சூளைக்குள் பன்னிரண்டு இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் நாலடி நீளம். நெருப்பு குழாய்க்கு வெளியே எரியும், உள்ளே ஓடுகிற காற்று சூடாகி நெல்லுக்குப் போகும். சாதாரண இரும்பு, போதாததற்கு உமிச் சாம்பலின் காரமும் வாவிக்கரை உப்பும். ஒவ்வொரு போகத்திலும் இரண்டு மூன்று குழாய்கள் தின்னப்பட்டு ஓட்டை விழும். ஓட்டை வழியாகப் புகை நெல்லுக்குள் போகும். புகை மணக்கிற அரிசியை யார் சமைப்பார்கள்? அந்தக் கதையை ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னவள், இடையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இதுக்கு உங்கட பூச்சுப் போடேலாதா?”

ஏலும். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மில் முதலாளி கணக்காகக் கதைக்கிற மனிதர். நான் விளக்கியதைப் பாதி கேட்டுவிட்டு, “ரெண்டு போகம் தாங்கட்டும். சிறுபோகமும் பெரும்போகமும். தாங்கிச்செண்டா அந்தப் பழைய கொட்டில உனக்குத் தாறன். அம்பாறை மட்டும் உள்ள மில்லுக்காரன் எல்லாம் குழாயத் தூக்கிக்கிட்டு உன்னட்ட வருவானுகள்” என்றார். வாவியைப் பார்த்தபடி நிற்கிற ஓலைக் கொட்டில் அது. அன்று பின்னேரமே நானும் மனைவியும் அதற்குள் போய் நின்று, சூளை எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் வரும் என்று பார்த்தோம். அவள் ஜன்னல் வேண்டும் என்றாள். சூளைக் கொட்டிலுக்கு எதற்கு ஜன்னல் என்று சிரித்தேன்.

தூள் கொழும்பிலிருந்து வந்தது. அகலமான பழைய குழாய் ஒன்றைப் பெட்டியாக்கி, உள்ளே குழாய்களை அடுக்கி, கலவையைக் கொட்டி, இரண்டு வாயையும் தகடு வைத்து மூடி, மில்லின் உமிச் சூளைக்குள்ளேயே ஒரு நாள் முழுவதும் வைத்துச் சூடாக்கினோம். மூடியை ஒட்டியவர் காத்தான்குடியிலிருந்து வருகிற வெல்டிங் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். அந்த மில்லின் இரும்பு வேலை எல்லாம் அவர் கையால்தான் நடக்கும். கை சுத்தமான வேலைக்காரர். “என்ன தம்பி இந்த வெள்ளத் தூள்?” என்று கேட்டார். “திருநீறு, நானா” என்றேன். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். உண்மையில் நான் யாருக்கும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். கலவையை வீட்டு அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கலந்தேன். தூள் வந்த பைகளின் பெயர் ஒட்டுகளைக் கிழித்து எரித்தேன். சொல்லிவிட்டால் நாளைக்கே இன்னொருவன் கொட்டில் போட்டுவிடுவான் என்ற பயம். பத்துப் பதினொரு வருடம் அடுத்தவன் நாட்டில் நின்று படித்ததைச் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. அற்பத்தனம் என்றால் அற்பத்தனம்தான்.

சிறுபோக அறுவடை ஆவணியில் வந்தது. சூளை ஓய்வில்லாமல் எரிந்தது. ஒரு குழாயும் ஓட்டை விழவில்லை. முடிந்த பிறகு திறந்து பார்த்தோம். பன்னிரண்டும் மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரு செதில்கூடக் கழலாமல் இருந்தன. முதலாளி விரலால் தடவிப் பார்த்தார்.

“ஓட்ட இல்லத்தான். ஆனா என்ன இது, அழுக்குப் பிடிச்ச மாதிரி இரிக்கி?”

“அது ஒண்டுமில்ல முதலாளி” என்றேன்.

அது ஒன்றுமில்லை என்றேன். அதுதான் எல்லாம். அந்த அழுக்குத்தான் வேலை செய்கிறது, அதில் கை வைக்கக் கூடாது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள். அழுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியதை நான் கண்டேன். அதையும் பெரிதாக எடுக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தேன். ஆயுத பூசை வந்ததே எனக்கு நினைவில்லை. அந்த மில்லில் ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. இரண்டு நாளுக்கு முன்பே மெசினை நிறுத்தி, கழற்றக்கூடிய இரும்பு எல்லாவற்றையும் கழற்றி, தராசு முதல் மண்வெட்டி வரை எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிவிடுவார்கள். பெண்கள் புளியும் மணலும் தும்பும் வைத்துத் தேய்ப்பார்கள். அழுக்காக எதையும் சாமிக்கு முன்னால் வைக்கக் கூடாது. லொறியின் அடிப்பாகத்தைக்கூடக் கழுவித்தான் சந்தனம் வைப்பார்கள். இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். நான் வெளிநாட்டில் இருந்த வருடங்களில் அவள் தொலைபேசியில் படம் அனுப்புவாள்.

பூசை அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஏலாத உடம்போடு மில்லுக்குப் போனேன். கூட்டிப்போனவள் மனைவி. வழி முழுக்க அவள் எதையோ வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. முற்றத்தில் வாழை கட்டியிருந்தார்கள். படத்துக்கு முன்னால், பொங்கல் தட்டுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு குழாய்களையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும். வெயில் பட்டு அவை புதுச் சில்வர்ப் பாத்திரம் போல மினுங்கின. எனக்குக் கண் கூசியது.

“உன்ர பொஞ்சாதிதான் நேத்து முழுக்க நிண்டு செய்விச்ச” என்றார் முதலாளி, எல்லோருக்கும் கேட்க. “உன்ர வேலைய ஒருத்தரும் அழுக்கு எண்டு சொல்லப்படாதாம்.”

வெல்டிங் நானா தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் வந்தார். “புளிக்கும் மணலுக்கும் அசையல்ல தம்பி. அவ்வளவு பிடிப்பா இரிந்திச்சி. புள்ள வந்து கேட்டதுக்காகத்தான் நான் கிரைண்டர எடுத்த. கல்லு டிஸ்க் போட்டு ஒவ்வொண்டா எடுத்தன். கை ரெண்டும் விறைச்சிப் போச்சி.” பெருமையாகத்தான் சொன்னார். பாராட்டாகவும் சொன்னார். அவ்வளவு பிடிப்பான பூச்சை அவர் வேறெங்கும் கண்டதில்லையாம்.

மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. மணலும் புளியும் போட்டுத் தேய்த்த நகக்கண்களில் தோல் வெடித்திருந்தது. “எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“வடிவா இருக்கு” என்றேன்.

அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். காய்ச்சல் உடம்பு, வாய் வரவில்லை என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். நாலு பேருக்கு முன்னால் அவள் தலை குனிவதைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. நானாவும் குனிந்துதான் நின்றிருப்பார். பிறகு வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் மகளிடம் அந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தாள், முதலாளி சொன்னதை அவர் குரலிலேயே. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு மழை பிடித்தது.

திரும்பப் பூச நேரம் இருந்தது. அரைவாளித் தூள் அறைக்குள் மிச்சமாக இருந்தது. இரண்டு கிழமை போதும். ஆனால் முதலாளியிடம் என்ன காரணம் சொல்வது? எப்படிச் சொன்னாலும் சுற்றி வளைத்து அவளிடம்தான் போய் முடியும். அதனால் நான் எனக்கு வேறு கணக்குச் சொன்னேன். அலுமினியம் உள்ளே வரை இறங்கியிருக்கும், கிரைண்டர் மேல் தோலைத்தான் எடுத்திருக்கும், மிச்சம் இருப்பது திரும்பவும் படலம் கட்டும் என்று. வேலை தெரிந்தவன் தன்னைத்தானே ஏமாற்றினால் அதைக் கண்டுபிடிக்க வேறு ஆள் இல்லை. அந்தப் பூச்சு ஒரு தலைமயிர்க் கனம். கல்லு டிஸ்க்குக்கு அது எந்த மூலைக்கு? எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மாரி முழுக்கச் சும்மா இருந்தேன். மழையில் வாவி நிரம்பி மில் மதிலடி வரை வந்தது. கொட்டிலுக்கு ஜன்னல் வைக்க அவள் ஒரு பழைய சட்டம் பார்த்து வைத்திருந்தாள்.

மாசியில் பெரும்போகம். நெல் ஈரமாக வந்தது, சூளையை அணைக்கவே முடியவில்லை. முதல் கிழமை ஒன்றுமில்லை. இரண்டாம் கிழமை சூளை வாயிலில் குனிந்து பார்த்தபோது குழாய்களுக்குக் கீழே கறுப்புச் செதில்கள் கிடந்தன. பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம், நெல் விழுகிற இடத்தில் நின்ற மனைவி கை நிறைய நெல்லை அள்ளிக்கொண்டு வந்து என் மூக்கடியில் நீட்டினாள்.

“மணந்து பாருங்க. புகை மணக்குது.”

ஐந்து குழாய்கள் ஓட்டை. கிரைண்டர் இரும்பையும் சேர்த்துத் தின்றிருந்ததால் முன்பு இருந்ததைவிட மோசம். அன்று காய்ந்துகொண்டிருந்தது கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரின் முழு அறுவடை. அவர் வந்து நெல்லை அள்ளி மணந்துவிட்டு, சாக்கின் மேல் உட்கார்ந்தார். அந்த மனிதரின் முதுகு எனக்கு இப்போதும் நினைவுக்கு வருகிறது. முதலாளி ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பரவால்ல, நீ என்ன செய்வாய்” என்றார். பிறகு நானாவைக் கூப்பிட்டுச் சாதாரணக் குழாய் வெட்டச் சொன்னார். கொட்டிலைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அதற்குள் உமி மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

“என்ன பிழை வந்தது?” என்று வீட்டில் அவள் கேட்டாள்.

“குழாய் இரும்பு சரியில்ல. கலப்பட இரும்பு.”

நான் அந்த மலையாளிக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. இடம் இருக்கிறது, இரண்டு வருட ஒப்பந்தம், வா என்று. அவருக்கு ஆச்சரியமே இல்லை. திரும்பி வருகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

கழற்றிய குழாய்களில் ஒன்றிலிருந்து சாண் நீளத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. குழாயின் முனை அது. முனையில் ஒரு வளையம் ஒட்டியிருக்கும், அந்த வளையத்துக்குப் பின்னால் கிரைண்டர் போகாது. அங்கே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. ஒரு செதில் இல்லை. அதற்கு அடுத்த அங்குலத்திலிருந்து இரும்பு தட்டுத் தட்டாகக் கழன்று, ஓரத்தில் ஓட்டை. அதைப் பழைய சேட்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் நான் மருந்து வாங்கக் கல்லடி வரை போய் வந்தேன். திரும்பி வரும்போது அவள் என் பெட்டியைப் பிரித்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான், நான் அடுக்கியது அவளுக்குச் சரிவராது. கட்டிலில் என் உடுப்புகள். அவள் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் குழாய்த் துண்டு.

“இந்த முனையில ஏன் ஓட்ட விழல்ல?” என்று கேட்டாள்.

நான் கதவடியில் நின்றேன். செருப்பைக் கழற்றினேன்.

அவள் சாம்பல் நிறத்தைப் பெருவிரலால் ஒரு தரம் தடவினாள், பிறகு ஓட்டையை. “இது எங்களுக்குத் தேய்க்க எட்டாத இடம். நானா கிரைண்டர் போகாது எண்டு விட்ட இடம். எனக்கு நல்ல நினைவிருக்கு, நான்தான் அதையும் எடுங்க எண்டு அவரோட மல்லுக்கு நிண்ட.” குரல் உயரவில்லை. “அண்டைக்கே உங்களுக்குத் தெரியும். என்ன?”

“ஓம்” என்றேன்.

“தெரிஞ்சுதான் வடிவா இருக்கு எண்டீங்க.”

“எல்லாரும் நிண்டாங்க. உனக்கு வெக்கமாப் போயிரும் எண்டு...”

அவள் துண்டை அதே சேட்டில் சுற்றினாள். பெட்டியின் அடியில், நான் வைத்திருந்த அதே மூலையில் வைத்தாள். மேலே உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கத் தொடங்கினாள். நாலைந்து சேட்டு ஆன பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“திரும்பப் பூச நாலு மாசம் இருந்திச்சி. எனக்கு வாற வெக்கம் ஒரு நாள்ல போயிருக்கும். இப்ப நீங்க ரெண்டு வருசம் போறீங்க.”

பிறகு துவாயைக் கேட்டாள். கொடியில் காய்ந்ததை எடுத்துவந்து கொடுத்தேன்.